கயிற்றைத் தாண்டி வருபவர்கள்

டபுள்யூ.டபுள்யூ.எஃப் ட்ரம்ப் கார்டு விளையாடிய யாரும் ஜெயன்ட் கொன்சாலஸை மறந்திருக்க மாட்டார்கள். ரேங்கில் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் எதிரில் இருப்பவன் கையில் எந்த அட்டை இருந்தாலும் சரி, 'ஹைட்டு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அட்டை நம் பக்கம் வந்துவிடும். எட்டு அடி. ரோமம் ஒட்டிய விசித்திரமான ஒரு உடை. தேவாரத்தில் எங்கள் தெருவில் கோடை விடுமுறை முழுக்க திண்ணையில் இதுதான் ஓடும். எடைக்கு யோகோசுனா, உயரத்துக்கு கொன்சாலஸ். இந்த இரண்டும் கையில் இருப்பவன் அன்றைக்கு ராஜா. அண்டர்டேக்கரை வைத்திருப்பவனுக்கு ஒரு கெத்து உண்டுதான், அவருக்கு ஏழு உயிர் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். ஆனால் ஏழு உயிர் என்பதற்கு அட்டையில் ஒரு வரிசை இல்லையே.

இப்போது டேட்டாபேஸ்களோடு பிழைப்பு நடத்துகிறவனாக அந்த அட்டையை நினைத்துப் பார்க்கிறேன். ரேங்க், மோதிய சண்டைகள், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ். ரேங்க் கம்பெனி கொடுப்பது. மோதிய சண்டைகளுக்கு முடிவு முன்னாலேயே எழுதப்பட்டது. மீதி இருப்பதெல்லாம் உடம்பின் அளவுகள். அதிலும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார்கள். கொன்சாலஸ் எட்டு அடி இல்லை, ஏழரைக்குச் சற்று மேல். ஆனாலும் ஏழரை அடி மனிதனை யாரும் எழுதி உருவாக்க முடியாது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவன் ஒருவனுக்கு வெற்றியைக் கொடுக்கலாம், பெல்ட்டைக் கொடுக்கலாம், ஏழு உயிர்கூடக் கொடுக்கலாம். ஒரு அங்குலம் எலும்பைக் கொடுக்க முடியாது.

ராட்சத உடம்புக்காரர்கள் மீதான ஈர்ப்பு இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ரெஸ்லிங் பார்க்கிற ஒவ்வொருவனும் வாழ்க்கையில் நூறு தடவையாவது கேட்டிருப்பான், 'எல்லாம் டூப்புதானப்பா?' டூப்புதான். 1989-ல் நியூ ஜெர்சி மாகாணத்தில், விளையாட்டுக்கான விதிகளும் வரியும் தங்கள் மேல் வரக்கூடாது என்பதற்காக, இது வெறும் கேளிக்கைதான் என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டுவிட்டது. அடி டூப்பு, பகை டூப்பு, கல்யாணம் டூப்பு. ஆனால் அந்த ஆள் ரிங்குக்குள் நுழையும்போது மற்றவர்களைப் போலக் கயிறுகளுக்கு நடுவே குனிந்து வருவதில்லை. மேல் கயிற்றை ஒரு கையால் அழுத்திவிட்டு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் ஒன்றுமே செய்யாவிட்டாலும் கொடுத்த காசு தீர்ந்துவிட்டது. டூப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்களும் அந்த ஒரு காலடிக்கு வாயை மூடிக்கொள்வார்கள்.

இந்த வித்தையை முழுசாகப் புரிந்துகொண்ட வியாபாரி வின்ஸ் மெக்மேனின் அப்பா, மூத்த மெக்மேன். பிரான்ஸிலிருந்து வந்த ஆந்த்ரே ரூசிமோஃபை, உலகம் 'ஆந்த்ரே தி ஜெயன்ட்' என்று அறிந்த மனிதரை, அவர் ஒரே ஊரில் வைத்துக்கொள்ளவே இல்லை. 1970-களில் அமெரிக்காவில் ரெஸ்லிங் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆந்த்ரேயைச் சில நாட்களுக்கு மட்டும் அனுப்புவார், பிறகு அடுத்த ஊர். தினமும் பார்த்தால் ஜனங்களுக்குப் பழகிவிடும் என்பது அவர் கணக்கு. இளம் வயதில் ஆந்த்ரே எகிறிக் குதித்து ட்ராப்கிக் அடிப்பவர். அதையும் நிறுத்தச் சொன்னார். மலை குதிக்கக்கூடாது, மலை நிற்க வேண்டும்.

இதை எங்கள் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. தேவாரத்துக்கு மேற்கே கொஞ்ச தூரம் போனால் மலை. அந்த அடிவாரத்துத் தோட்டங்களில் ஒரு மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. உயிர்கள் போயின. தென்னையும் வாழையும் போன கணக்கு தனி. அதை விரட்ட டாப்ஸ்லிப்பிலிருந்து கலீம், மாரியப்பன் என்று இரண்டு கும்கிகளைக் கொண்டுவந்தார்கள். மக்னாவுக்குப் பயந்து ஆறு மணிக்குக் கதவடைத்த அதே ஜனம், பகலில் கும்கிகளைப் பார்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. கோயில் யானையை யாரும் அப்படிப் போய்ப் பார்ப்பதில்லை. அது தினம் தெருவில் வருகிறது, காசு கொடுத்தால் தலையில் தும்பிக்கை வைக்கிறது, பழகிவிட்டது.

2023 மே 27 அன்று அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள் வந்தபோது நான் சென்னையில் இருந்தேன். ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் அந்தப் பேர். சின்னக்கானலில் ஏப்ரல் 29-ல் பிடித்து, பெரியாறு காட்டுக்குள் விட்டு, அங்கிருந்து தானாக எங்கள் பக்கம் நடந்து வந்த யானை. அன்று காலை என் போனில் ஒரே வீடியோ பதினெட்டு பேரிடமிருந்து வந்தது. 144 போட்டார்கள். டூவீலரில் போன ஒரு பெரியவரை அது தட்டிவிட்டதில் சில நாட்களில் அவர் இறந்துபோனார். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். லாரி போகிற வழியெல்லாம் ஜனம். பயந்தவர்களும் திட்டியவர்களும் 'பாவம்யா அது' என்றவர்களும் ஒரே கூட்டமாக நின்றார்கள். என் அம்மா போனில் சொன்னது: "நின்ன வாக்குல கால் மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு இருந்துச்சுடா. அதத்தான் பாக்க முடியல."

ஆந்த்ரேக்கு மெக்மேன் வகுத்த திட்டம் இதுதான். அரிக்கொம்பனைப் போல வந்து, அரிக்கொம்பனைப் போலப் போய்விட வேண்டும். ராட்சதன் ஒரு நிகழ்ச்சி. அவன் ஊரில் ஒருவனாக இருக்கக்கூடாது.

எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தார். என் மாமா.

2006 ஏப்ரலில் தி கிரேட் காளி ஸ்மாக்டவுனுக்குள் வந்தார். பெயர் நம் காளியேதான். சொந்தப் பெயர் தலீப் சிங் ராணா, ஹிமாச்சலப் பிரதேசம் சிர்மௌர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர், செக்யூரிட்டி வேலை பார்த்தவர், பிறகு பஞ்சாப் போலீஸ். ஏழு அடிக்கு மேல். வந்த முதல் நாளே அண்டர்டேக்கரின் தலையில் உள்ளங்கையால் ஓர் அறை. ஏழு உயிர்க்காரர் விழுந்தார். நான் அப்போது மதுரையில் இன்ஜினீயரிங் முதல் வருடம். ஹாஸ்டல் டிவி ஹாலில் கிரிக்கெட்டுக்குக்கூட அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. அடுத்த மாதம் அண்டர்டேக்கரை நேராக வென்று மார்பின் மேல் கால் வைத்தார். 2007 ஜூலையில் இருபது பேர் ஒன்றாக இறங்கிய ஆட்டத்தில், கடைசியில் மிஞ்சிய கேனையும் படிஸ்டாவையும் சேர்த்து வெளியே தள்ளி சாம்பியன் ஆனார். அவர் பிரமாதமான ரெஸ்லர் என்று அன்றும் யாரும் சொன்னதில்லை. மெதுவாக நடப்பார், திரும்புவதற்கு நேரம் எடுப்பார், மொத்தம் இரண்டு மூன்று அடிகள்தான். அவரை வைத்து ஜோக் அடிப்பது ரெஸ்லிங் ரசிகனின் அடிப்படைத் தகுதி போல ஆகிவிட்டது.

அந்த வருடம் ஊருக்குப் போனால் மாமாவுக்கும் 'காளி' என்று பேர் வைத்திருந்தார்கள். என் அம்மாவின் தம்பி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். விடியும் முன்னே கிளம்பி, போடிமெட்டு ஏறி, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வர வேண்டும். ஆறு அடி இரண்டு அங்குலம். எங்கள் பக்கத்துக்கு அதுவே அதிகம். ஆனால் பேர் வந்தது உயரத்தால் இல்லை, கையால். சிறுவர்கள் இரண்டு பேர் அவருடைய ஒரு உள்ளங்கையில் கால் வைத்து நிற்பார்கள். திருவிழாவில் மைக் செட்டுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, வரிசையாகத் தலையைக் காட்டி காளி அறை வாங்கிக்கொள்வார்கள். மெதுவாகத்தான் வைப்பார். பையன்கள் ஆளுக்கொரு திசையில் போய் விழுவார்கள். 'காளி ஜீப்பு வந்துருச்சா' என்றுதான் தோட்டத்துக்குப் போகிற பெண்களும் கேட்பார்கள். அவருக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது. வண்டியின் முன் கண்ணாடியில் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, சாமி பேராகவும் இருப்பதால் எழுதியும்விட்டார்.

அவருடைய கல்யாண மோதிரத்தை ஆசாரி வெட்டி எடுத்தார். செருப்பு ஒன்பதாம் நம்பரிலிருந்து பன்னிரண்டுக்குப் போய், கடைசியில் உத்தமபாளையத்தில் அளவு கொடுத்துத் தைத்தார். பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. குரல் கனத்தது. குறட்டை இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். 'ஆளு நல்லா ஊறிட்டான்' என்று ஊர் சந்தோஷப்பட்டது. ஒரு மனிதன் வருடத்துக்கு அரை நூல் அளவு மாறினால், கூட இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

பிறகு ஜீப் உரச ஆரம்பித்தது. போடிமெட்டுப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்று பேர் வாங்கியவர், இடது பக்கம் ஒருநாள் பாறையில் உரசினார், வலது பக்கம் இன்னொரு நாள் எதிரே வந்த வண்டியின் கண்ணாடியைத் தட்டினார். இரண்டு பக்கமும் என்பதுதான் விஷயம். உள்ளே பதினாலு பெண்கள். மூன்றாவது தடவை அவரே வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, கிளீனர் பையனை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். "நேரா பாத்தா தெரியுது மாப்ள. ஓரத்துல சாக்கு தொங்கவிட்ட மாதிரி இருக்கு" என்றார் என்னிடம்.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனை. ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். முடிவைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதி கறுப்பு. அந்த டாக்டர் தாளைப் பார்த்தார், பிறகு மாமாவின் கையைப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வி கண்ணைப் பற்றியே இல்லை. "கல்யாண ஆல்பம் இருக்கா?"

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அதில் ஒரு கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோனை நிறுத்தாமல் சுரக்கும். எலும்பின் வளரும் நுனிகள் மூடுவதற்கு முன் சின்ன வயதில் வந்தால் ஆள் ஏழு அடி, எட்டு அடி என்று போவான். மூடிய பிறகு வந்தால் உயரம் நின்றுவிடும். கை, கால், தாடை, நாக்கு, இதயம் எல்லாம் பெருத்துக்கொண்டே போகும். அக்ரோமெகலி. 1886-ல் பியர் மரி என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த பெயர். சுரப்பிக்கு நேர் மேலேதான் இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கின்றன. கட்டி பெரிதானால் முதலில் நசுங்குவது அந்த இடம். அதனால்தான் இரண்டு ஓரமும் போகிறது. சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, கடைசியில் இதயம். மெதுவாக வருவதால் கண்டுபிடிப்பதற்கே பெரும்பாலும் பல வருடங்கள் ஆகிவிடுகின்றன. டாக்டர்கள் பழைய போட்டோ கேட்பது அதனால்தான்.

அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடியபோது, என் ட்ரம்ப் கார்டு கட்டு ஒவ்வொன்றாகத் திரும்பி விழுந்தது. ஆந்த்ரே: அதே நோய். 1993 ஜனவரியில், அப்பாவின் இறுதிச் சடங்குக்காக பிரான்ஸ் போயிருந்த இடத்தில், பாரிஸ் ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே இதயம் நின்றது. வயது 46. கொன்சாலஸ்: அர்ஜென்டினாவின் கூடைப்பந்து வீரர், 1988-ல் அட்லாண்டா ஹாக்ஸ் அணி தேர்ந்தெடுத்த ஆள். கடைசிக் காலத்தில் சர்க்கரை நோயோடு சக்கர நாற்காலியில் இருந்தார், 2010-ல் இறந்தார், வயது 44. பிக் ஷோ: இளம் வயதிலேயே அறுவை சிகிச்சை செய்து கட்டியை நிறுத்தியவர், அதனால் இன்றும் இருக்கிறார். 1995-ல் அவர் முதலில் ரிங்குக்கு வந்தபோது, ஆந்த்ரேயின் மகன் என்றுதான் கதை கட்டினார்கள். இருவருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. பொதுவாக இருந்தது அந்தச் சுரப்பி மட்டும். காளி: அதே.

எழுத முடியாதது, டூப்பு இல்லாதது என்று எதை நாங்கள் 'ஹைட்டு' என்று கூவி ஜெயித்தோமோ, அதற்கு ஒரு மருத்துவக் குறியீடு இருந்தது.

அதன் பிறகு மூன்றாவது ரெஸில்மேனியாவை மறுபடி பார்த்தேன். 1987 மார்ச் 29, போன்டியாக் ஸ்டேடியம். 93,173 பேர் என்பது கம்பெனி சொல்கிற கணக்கு. (ராட்சதனின் உயரத்தை ஏற்றுகிறவர்கள் கூட்டத்தை மட்டும் குறைத்தா சொல்வார்கள்?) பதினைந்து வருடம் தோற்காத ஆந்த்ரேயை ஹல்க் ஹோகன் தூக்கிப் போட்ட நாள். தோற்காதவர் என்பது பொய், தூக்கப்படாதவர் என்பதும் பொய். அதே ஹோகனே 1980-ல் ஒரு முறை தூக்கியிருக்கிறார். நிஜம் வேறு இடத்தில் இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ஆந்த்ரேக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 'பிரின்சஸ் பிரைட்' படப்பிடிப்பில் கதாநாயகியைக் கையில் ஏந்துகிற காட்சிக்கு, அவளைக் கம்பியில் தொங்கவிட வேண்டியிருந்தது. அவரால் அந்த எடையைத் தாங்க முடியவில்லை. அன்று ரிங்கில் அந்தக் கறுப்பு உடைக்குள் முதுகுப்பட்டை. நடுநடுவே கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். ரிங்குக்கு நடந்து வராமல் சின்ன வண்டியில் வருகிறார். அது அலங்காரம் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன்.

ரெஸ்லிங்கில் ஒருவரைத் தூக்க வேண்டுமானால் தூக்கப்படுகிறவரும் ஒத்துழைக்க வேண்டும், உடம்பை ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஆந்த்ரே அன்று முடியாது என்று நின்றிருந்தால் ஹோகனால் மட்டுமல்ல, யாராலும் முடிந்திருக்காது. அவர் சம்மதித்தார். அந்த முதுகோடு விழுந்தார். ராட்சதனைப் பற்றிய எல்லா ஊர்க் கதைகளும் அவன் விழுவதில்தான் முடிகின்றன. நம் புராணமும் அப்படித்தான், கும்பகர்ணன் வரைக்கும். ஆனால் அங்கே யாரும் விழுகிறவனிடம் சம்மதம் கேட்டதாகக் கதை இல்லை. ரெஸ்லிங்கில் கேட்கிறார்கள். அதனால் அது மேலானது என்று நான் சொல்லவில்லை. பார்க்கிற என்னால் அந்தச் சம்மதத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எடை நிஜம் என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. காளி அமெரிக்கா போன புதிதில், 2001-ல், கலிஃபோர்னியாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் அவரோடு பயிற்சி செய்த ப்ரையன் ஓங் என்ற இளைஞர் இறந்துபோனார். ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்தவரை மறுபடி இறக்கியிருக்கிறார்கள். வழக்கு நடந்து, பயிற்சிப் பள்ளியின் பொறுப்பற்ற தன்மைக்காக அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. டூப்பு என்கிற சொல்லுக்குள் இவ்வளவு பெரிய உடம்பு முழுதாக அடங்குவதில்லை.

மாமாவுக்கு 2011-ல் அறுவை சிகிச்சை. மண்டையைத் திறக்கவில்லை, மூக்கு வழியாகவே போய் எடுத்தார்கள். பார்வையின் ஓரங்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன. கைச் சதை சற்று வற்றி, புதிதாகச் செய்த மோதிரம் லொடலொட என்று ஆனது. எலும்பு திரும்பாது. தாடையும் பாதமும் முட்டியும் அப்படியேதான். ஜீப்பை விற்றுவிட்டு, தேவாரத்திலேயே ஏலக்காய் மூட்டைக் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போனார். பையன்கள் தலையைக் காட்டிக்கொண்டு வந்தால் இப்போதும் அறை வைப்பார், உட்கார்ந்தபடி.

அடுத்த வருடம், 2012 ஜூலையில், காளிக்குப் பிட்ஸ்பர்க்கில் பிட்யூட்டரி கட்டியை எடுத்த செய்தி வந்தது. நான்தான் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவனுக்கும் மூக்கு வழியாத்தானா?"

"ஆமா மாமா."

"ஒரு மாசம் மூக்கச் சிந்தக் கூடாதுன்னு சொல்லிருப்பாங்களே. தும்மலு வந்தா வாயத் தொறந்துக்கணும். அவனுக்கு யாரு சொல்லுவா இங்கிலீசுல?"

காளி பிறகு 2015-ல் ஜலந்தரில் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார், 2021-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். இப்போது ரீல்ஸில் யார் யாரையோ ஒரு கையால் தூக்கிக் கொஞ்சுகிறார். தன் உடம்பைத் தானே விற்கிறார், அந்த வரைக்கும் நல்லது.

போன பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது மாமாவுக்கு என் போனில் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். சண்டை ஆரம்பித்ததும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. காளி மேடையிலிருந்து நடந்து வரும் இடத்துக்குத் திருப்பச் சொன்னார். ரிங் ஓரத்தில் மூன்று இரும்புப் படி. அதில் ஏறி, கயிற்றைப் பிடித்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிற இடம். கூட்டம் எழுந்து நிற்கிறது.

"எந்தக் கால மொதல்ல போடுறான்னு பாரு மாப்ள. அதுதான் நல்ல முட்டி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார்.

"இன்னொரு தடவ போடு."